‘ட்ராமாட்டிக் லுக்’ என்பதற்குக் ‘கூத்தொளி’: ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காஸ்பிளே (கதை, திரைப்படப் பாத்திரங்களைப் போல வேடமிட்டு நிற்பது) முகப்படங்களைத் திருத்துவது பற்றிய பயிற்சிக் கட்டுரைக்காக, ‘ட்ராமாட்டிக் லுக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஓசூர் நண்பர் கேட்டிருந்தார். இதுவரை ‘நாடகத்தன்மை’, ‘மிகைப்பொலிவு’, ‘ஒளிநிழல்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. தருமபுரியில் ஸ்டூடியோ வைத்து, கல்லூரி விழாக்களில் காஸ்பிளே செய்யும் மாணவர்களின் படங்களையும் தெருக்கூத்துக் கலைஞர்களின் படங்களையும் ஒரே மேசையில் திருத்தி வருபவன் என்ற முறையில், இம்மூன்றையும் ஏன் ஏற்க இயலவில்லை என்பதைச் சொல்லி, நான் முன்பு சுருக்கமாகச் சொன்ன ‘கூத்தொளி’ என்ற சொல்லை இப்போது விரிவாகக் குழுவின் முன் வைக்கிறேன்.

> ஆங்கிலச் சொல்லில் ‘டிராமா’ இருப்பதால், தமிழ்ச் சொல்லிலும் ‘நாடகம்’ இருப்பதே முறை.

காவேரிப்பட்டினம் ஐயா எழுதிய இந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஒளிப்படக் கலையில் ஆங்கிலத்தார் ‘ட்ராமாட்டிக்’ என்பதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள். நம்மிடையே ஒருவரைப் பார்த்து ‘நாடகமாடுகிறார்’ என்றாலோ, ஒரு பேச்சை ‘நாடகத்தனமாக இருக்கிறது’ என்றாலோ, அதற்குப் போலி என்றுதான் பொருள். இரவெல்லாம் விழித்திருந்து ஃபோம் அட்டையை வெட்டி ஒட்டிக் கவசம் செய்து, டோப்பாவைச் சீவி, அந்தப் பாத்திரமாகவே தன்னைப் பிறர் நம்ப வேண்டும் என்று நிற்கும் பிள்ளையின் படத்தை ‘நாடகத்தன்மை உடையது’ என்றால், அது அவன் உழைப்பை மறுப்பதாகிவிடும். ‘மிகைப்பொலிவு’ என்பதில் வேறொரு குறை இருக்கிறது. இவ்வகைத் திருத்தத்தில் பொலிவைக் கூட்டும் வேலையைவிடக் குறைக்கும் வேலையே அதிகம்.

அந்த வேலை என்னவென்று விரிவாகச் சொன்னால்தான் சொல்லின் பொருத்தம் விளங்கும். கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் நடுப்பகலில், சாமுராய் வீரனாக வேடமிட்ட ஒரு மாணவரைப் படமெடுத்ததாகக் கொள்வோம். வெயில் உச்சியிலிருந்து விழுவதால் நெற்றியும் மூக்குத் தண்டும் வெளுத்துப்போகின்றன. கண்குழிகள் இருண்டு கிடக்கின்றன. வானமும் சிமெண்டுத் தரையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், வெள்ளி வண்ணம் அடித்த கவசத்தில் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் அது ஃபோமாகவே காட்சியளிக்கிறது. படத்தைத் திருத்துபவர் முதலில், இந்த முகத்தின் மேல் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். பிறகு படம் முழுவதையும் ஓரளவு இருட்டாக்கி, பின்னணியில் கண்ணை இழுக்கும் இலைகளையும் வானத்துண்டுகளையும் மேலும் அடக்கி, கண்குழிகளை மட்டும் சற்று மேலே கொண்டுவந்து, ஒளிக்கு எதிர்ப்பக்கக் கன்னத்தை நிழலில் ஆழ்த்துகிறார். கவசத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் மெல்லிய வெளிச்சக் கோட்டை ஏற்றி, அதை ஒட்டிய பள்ளத்தைக் கறுக்கச் செய்கிறார். அப்போதுதான் ஃபோம் இரும்பாகிறது. வண்ணங்களின் அடர்த்தியைக் குறைப்பது, நிழலுக்கு நீலமும் வெளிச்சத்துக்கு மஞ்சளும் ஏற்றுவது போன்றவை இவற்றுக்குப் பிறகு வருபவை. அவற்றைச் செய்யாமலே படம் நிற்கும். ஒளியின் திசை இல்லாமல் நிற்காது.

ஆகவே, ‘ட்ராமாட்டிக் லுக்’ என்று நாம் பெயரிட முயலும் பொருள், சுற்றிலும் இருள் சூழ ஒரு திசையிலிருந்து வரும் ஒளியில் ஒரு பாத்திரம் வெளிப்படுகிற தோற்றம்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவு முழுவதும் பாரதக் கூத்து நடக்கும் ஊர்கள் இங்கே பல உள்ளன. முற்காலத்தில் தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும், பின்னர் பெட்ரோமாக்ஸும் ஏந்திய அந்தக் களத்தில், இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் வெளிப்படும்போது, ஒரு கன்னமும் கிரீடத்தின் விளிம்பும் மட்டும் ஒளிர, மற்றவை இருளில் கிடக்கும். மரத்தால் செய்து கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் அந்தக் குறைந்த வெளிச்சத்தை வாங்கி எறிவதற்காகவே அமைந்தவை. புருவத்தையும் மீசையையும் தடித்த கோடுகளாக எழுதுவதும் அந்த ஒளியை மனத்தில் கொண்டே. அதே ஒப்பனையை நிறைவு நாள் பகலில், துரியோதனன் வதையை நடித்துக் காட்டும் படுகளத்தில் பாருங்கள். அல்லது நான்கு பக்கமும் டியூப்லைட் கட்டிய இக்காலக் கூத்து மேடையில் பாருங்கள். கோடு கோடாகவும் பூச்சு பூச்சாகவும் தெரியும். கலைஞரின் ஒப்பனையில் குறையில்லை. அதற்குரிய ஒளி அங்கே இல்லை. நடுப்பகல் வெயிலில் எடுத்த காஸ்பிளே படத்துக்கும் இதுவே நேர்கிறது. அதன் வேடமும் ஒப்பனையும் வேறோர் ஒளியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. திருத்துபவர் அந்த ஒளியைப் படத்துக்குத் தருகிறார். இதைக் ‘கூத்தொளி’ என்று சொல்வது செயலுக்கும் பொருந்துகிறது, கண்ணுக்கும் ஒரு காட்சியைத் தருகிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழுந்துள்ளன. முதலாவது, ‘ஒளிநிழல்’ என்பதே போதும் என்பது. ஐரோப்பிய ஓவியக் கலையில் ‘கியாரஸ்கூரோ’ எனப்படும் பொதுமுறைக்கு அந்தச் சொல்லை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் ஒளியும் நிழலும் எல்லாப் படங்களிலும் உண்டு. கடவுச்சீட்டுப் படத்திலும் உண்டு. ஒரு பாத்திரத்தை வெளிப்படுத்துவதற்காக அவற்றைத் திட்டமிட்டுப் பிரிப்பதுதான் நாம் பெயரிட வேண்டியது.

> ‘என்ன கூத்து இது’, ‘கூத்தடிக்கிறான்’ என்றெல்லாம் சொல்கிறோமே, நாடகத்துக்குச் சொன்ன குறை கூத்துக்கும் பொருந்தாதா?

பென்னாகரத்து ஆசிரியை அம்மா எழுப்பிய இந்த இரண்டாவது மறுப்பு நியாயமானது. இழிபொருள் கூத்துக்கும் உண்டுதான். ஆனால் அது தனிச்சொல்லாகவும் சில வினைகளோடும் வரும்போது மட்டுமே தோன்றுகிறது, தொகைச்சொல்லில் தோன்றுவதில்லை. தில்லையில் ஆடும் இறைவனைக் கூத்தன் என்றும் கூத்தப்பெருமான் என்றும் சொல்கிறோம். பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றே மறுபெயர் இருக்கிறது. ‘நாடகத்தன்மை’ அப்படியன்று, அது தொகையாகும்போதுதான் கூடுதல் இழிபொருளைப் பெறுகிறது.

மூன்றாவது மறுப்பு, கூத்தைப் பார்த்திராத சென்னை, தூத்துக்குடி வாசகருக்கு இந்தச் சொல் விளங்காது என்பது. ஒளிப்படக் கலைஞர்கள் உலகெங்கும் ஒரு வகை முக ஒளியை ‘ரெம்பிராண்ட் ஒளி’ என்கிறார்கள். நிழல்பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சிறிய முக்கோணமாக வெளிச்சம் விழும் அமைப்பு அது. 1606 முதல் 1669 வரை வாழ்ந்த அந்த டச்சு ஓவியரின் ஓவியங்களைப் பார்த்தவர்கள் மட்டுமே அச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. தொலைவிலுள்ள ஓர் ஓவியரின் பெயரால் ஓர் ஒளியை அறிய முடியுமானால், நம் வயற்காட்டில் விடிய விடிய ஆடப்படும் கலையின் பெயராலும் அறிய முடியும் என்றே உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து, இந்தத் திருத்தத்தின் இரு கைகளாக இருக்கும் ‘டாட்ஜ்’ (ஓரிடத்தை மட்டும் வெளிச்சமாக்குவது), ‘பர்ன்’ (ஓரிடத்தை மட்டும் இருட்டாக்குவது) பற்றிச் சொல்ல வேண்டும். இவற்றை ‘விலக்கல்’, ‘எரித்தல்’ என்று ஒருவர் தந்திருந்தார். சொற்களின் பிறப்பிடத்தைப் பார்த்தால் அவை சரியே. இருட்டறையில் நெகட்டிவ் வழியாகத் தாளின் மேல் ஒளி பாயும்போது, கம்பியில் செருகிய சிறு அட்டையால் ஓரிடத்தை மறைத்தால் அங்கே ஒளி குறைந்து, அச்சில் அந்த இடம் வெளிச்சமாக வரும். துளையிட்ட அட்டையால் ஓரிடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தால் அந்த இடம் கறுத்து வரும். ஒளியைத் தடுத்தால் வெளிச்சம், ஒளியைக் கொடுத்தால் இருள் என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கு தாளுக்கு உரியது. திரையில் வேலை செய்யும் இன்றைய மாணவருக்கு ‘எரித்தல்’ என்றால் படம் வெளுத்துப்போவதுதான் நினைவுக்கு வரும். அது செயலுக்கு நேர் எதிரான பொருள். எனவே விளைவைச் சொல்லும் சொற்களே வேண்டும்.

‘டாட்ஜ்’ என்பதற்குத் ‘துலக்கல்’ என்றும், ‘பர்ன்’ என்பதற்குக் ‘கருக்கல்’ என்றும் முன்மொழிகிறேன். பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குகிறோம். அப்போது புதிய பளபளப்பைப் பூசுவதில்லை, உள்ளிருப்பதை வெளிக்கொணர்கிறோம். நல்ல ஒளிப்படத் திருத்தமும் தோலின் இழையை அழிக்காமல் அதையே செய்கிறது. ‘கருக்கல்’ என்பது கறுக்கச் செய்வதையும் குறிக்கும், விடியலுக்கு முந்திய மங்கிய இருளையும் குறிக்கும். முழு இருட்டைக் குறிக்காது. இந்த நுட்பம் எனக்கு மிகவும் உவப்பானது. ஏனெனில் நிழலை முற்றிலும் கறுப்பாக்கிவிட்டால் கவசத்தின் பள்ளத்தில் இருக்கும் வேலைப்பாடு மறைந்துபோகும். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் இவ்விரண்டும் ஒரே கருவியாக உள்ளன. கன்ட்ரோல் விசையை அழுத்தினால் ஒன்று மற்றொன்றாக மாறும். அதைத் ‘துலக்கு–கருக்குக் கருவி’ எனலாம். தனித்தனியே வரும் மென்பொருள்களில் ‘துலக்கி’, ‘கருக்கி’ என்று சுருங்கச் சொல்லலாம்.

‘கருக்கல்’ என்ற சொல்லோடு ஓர் எச்சரிக்கையும் கட்டுரையில் சேர வேண்டும். எட்டு பிட் ஜேபெக் கோப்பில் ஒரு வண்ணத்துக்கு இருளிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகளே உண்டு. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. அடிவானத்தையோ சுவரையோ ஜேபெக் கோப்பில் அளவுக்கு மீறிக் கருக்கினால், வழவழப்பாக இறங்க வேண்டிய நிழல் பட்டை பட்டையாக உடையும். மேலும், சாதாரணக் கலப்பு முறையில் (ஓர் அடுக்கு கீழுள்ள படத்தோடு சேரும் விதமே கலப்பு முறை) கருக்கும்போது தோலின் வண்ண அடர்த்தியும் சேர்ந்து ஏறி முகம் செங்கல் நிறம் கொள்ளும். ஒளிர்வை மட்டும் மாற்றும் கலப்பு முறையைத் தேர்ந்தால் இது நேராது.

‘காஸ்பிளே’ என்ற சொல்லைத் தமிழாக்குவது பற்றி எனக்கு வலுவான கருத்து இல்லை. இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் தம் நாவுக்கேற்பச் சுருக்கி ஆக்கிக்கொண்ட சொல் அது. ‘மாறுவேடம்’ மட்டும் வேண்டாம் என்பேன். தன்னை மறைத்துக்கொள்பவர் போடுவது மாறுவேடம், இவர்களோ ஒரு பாத்திரத்தைக் காட்ட நிற்கிறார்கள். ‘வேடப்புனைவு’ என்று முன்னரே வந்த பரிந்துரை பொருத்தமாக இருக்கிறது.

கட்டுரையில் இச்சொற்கள் எப்படி அமர்கின்றன என்று பார்ப்பதற்காகச் சில வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன்: “ஒளியின் திசையை முடிவு செய்த பிறகே கூத்தொளி ஏற்றத் தொடங்குங்கள். கண்குழிகளை மெல்லத் துலக்குங்கள். விழியின் வெண்மையை அளவுக்கு மீறித் துலக்கினால் அது கண்ணாடிக் கண்ணாகிவிடும். எதிர்ப்பக்கக் கன்னத்தைத் தாடையிலிருந்து மேல்நோக்கிக் கருக்குங்கள். ஐம்பது விழுக்காட்டுச் சாம்பல் நிறம் நிரப்பி ‘ஓவர்லே’ கலப்பு முறையில் வைத்த தனி அடுக்கில் இவற்றைச் செய்தால், மூலப்படம் கெடாமல் இருக்கும்.” வாய்விட்டுப் படித்தபோது எங்கும் இடறவில்லை.

ஒன்று மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட ‘மிட்டோன்’ பகுதிக்கு ‘இடைத்தொனி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘தொனி’ ஓசைக்குரிய சொல்லாகவே காதில் விழுவதால் எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. ‘இடையொளி’ என்றால் கூத்தொளியோடு ஒத்து வரும். ஆயினும் இரு விளக்குகளுக்கு இடையே உள்ள வெளிச்சம் என்று மயக்கம் தருமோ என்றும் தோன்றுகிறது. அச்சுத்துறையில் இருக்கும் உறுப்பினர்கள் இதற்குத் தங்கள் துறையில் வழங்கும் சொல்லைத் தெரிவித்தால், ஓசூர் நண்பர் கட்டுரையை முடிப்பதற்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து