கலோரி எண்ணுவதை விட்டுவிட்டுப் பசியை நம்பலாமா?

கேள்வி:
இரண்டு வருடமாகச் செயலியில் கலோரி எண்ணிச் சலித்துவிட்டேன். காய்கறி, பழம், பருப்பு, முட்டை என்று எளிய உணவுக்குத் திரும்பி, பசித்தால் சாப்பிட்டு, வயிறு நிறைந்தால் நிறுத்த ஆசை. ஆனால் எது உண்மையான பசி என்றே தெரியவில்லை. எப்படித் தொடங்குவது?

பதில் 1:
எனக்கும் அப்படித்தான் இருந்தது. வயிற்றுப் பசி மெதுவாக ஏறும், எதைச் சாப்பிட்டாலும் அடங்கும். மனப்பசி சட்டென்று வந்து குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். இதைப் பிரித்தறிய எனக்கு மாதக்கணக்கில் ஆனது, அவசரப்படாதீர்கள். நிறைவு உணர்வு வரச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும், அதனால் போனைத் தள்ளி வைத்துவிட்டு மென்று சாப்பிடுங்கள். அப்புறம், ஒருநாள் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளையைப் பட்டினி போடாதீர்கள், அதுதான் மறுபடி அள்ளிச் சாப்பிட வைக்கும்.

பதில் 2:
உணவை மாற்றாமல் பசியை மட்டும் நம்புவது கஷ்டம். 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை வேண்டிய அளவு சாப்பிட விட்டார்கள். மிகையாகப் பதப்படுத்திய உணவு (பாக்கெட் தின்பண்டம் போன்றவை) தந்த இரண்டு வாரத்தில், பதப்படுத்தாத உணவு தந்த இரண்டு வாரத்தைவிட அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது.

பதில் 3:
இன்சுலின் போடுபவராக இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள், வேளை தவறினால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம்.

கேட்டவர்:
சர்க்கரை இல்லை. சரி, செயலியை இப்போதே நீக்கிவிட்டேன், நன்றி.