"புல் யுவர் சாக்ஸ் அப்"னு மேனேஜர் சொல்லிட்டார், வேலை போயிடுமா?

புதுவரவு: சேர்ந்து மூணு மாசம். இன்னைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் இப்படிச் சொன்னார். என் ரிப்போர்ட்டைப் பத்தி "வீ வில் டேபிள் இட் டுமாரோ"ன்னார். நாளைக்கு "ஹாஃப் நைன்"க்கு தனியா வரணுமாம். எட்டரையா, ஒன்பதரையா? தினமும் காலைல வேற "யூ ஆல்ரைட்?"னு கேக்கறார், உடம்பு சரியில்லாத மாதிரியா தெரியறேன்? நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துடலாமா? யாராவது சொல்லுங்க.

கடலோரத்தான்: இதுக்காக "ஐநூறு ஆங்கில மரபுத்தொடர்" மாதிரி புத்தகம் எதையும் வாங்காதீங்க. "ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" (மழை கொட்டுது) ஆபீஸ்ல காதுல விழறதே அபூர்வம். தினமும் வர்றது வேற. "டேக் இட் ஆஃப்லைன்"னா மீட்டிங் முடிஞ்சு தனியா பேசலாம், இன்டர்நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. "பால்பார்க்"னா குத்துமதிப்பு.

மணிமேகலை: முதல்ல எந்த நாடுன்னு சொல்லும்மா. "டேபிள்" பிரிட்டன்ல விவாதத்துக்கு எடுக்கறது, அமெரிக்காவுல தள்ளிப்போடறது. நேர் எதிர். சாக்ஸ் விஷயம் நம்ம "வரிஞ்சு கட்டிக்கிட்டு வேலையைப் பாரு" மாதிரிதான். கண்டிப்பு, ஆனா வேலைநீக்கம் இல்லை. அதுக்கு "லெட் யூ கோ"ன்னு வரும்.

வடக்குவாசி: அவ்வளவு லேசா எடுத்துக்காதீங்க. நாலு பேர் முன்னாடி சொன்னா மனசுல குறிச்சு வச்சிட்டாங்கன்னு அர்த்தம். பிரிட்டிஷ்காரங்களா இருந்தா பாராட்டே புரியாது. "நாட் பேட்"னா நல்லாவே இருக்கு, "கொய்ட் குட்"னா சுமார்.

கடலோரத்தான்: "யூ மஸ்ட் கம் ஃபார் டின்னர்"னு சொல்லிட்டு தேதியே சொல்ல மாட்டாங்க. தேதி சொல்லாத வரைக்கும் அது அழைப்பே இல்லை. முதல் ஆறு மாசம் இதுலயே மனசு நொந்து போகும்.

புதுவரவு: மன்னிக்கணும், இங்கிலாந்துல லீட்ஸ். கம்பெனி ஸ்பான்சர் பண்ற விசா.

மணிமேகலை: அப்போ ராஜினாமா பேச்சே வேண்டாம். வேலையை விட்டா விசாவைப் பொதுவா 60 நாளா சுருக்கிடுவாங்க.

ஹாஃப் நைன்னா 9:30. டீம்ல ஜெர்மன்காரங்க இருந்தா மட்டும் எண்ணைச் சொல்லி உறுதிப்படுத்திக்கோ. அவங்க மொழியில அதே பேச்சு 8:30.

ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போ, நாளைக்கு அதைத்தான் பேசப் போறாங்க. "எந்த வேலையில குறை, எப்படி இருக்கணும், எந்தத் தேதிக்குள்ள"ன்னு மூணும் கேளு. பதிலைச் சுருக்கி அன்னைக்கே அவருக்கு மெயில் போடு. "நீங்க சொன்னதா நான் புரிஞ்சுக்கிட்டது இது"ன்னு ஆரம்பிச்சா, தப்பாப் புரிஞ்சிருந்தாலும் அவரே திருத்துவார். ஒரு தொடர் புரியலைன்னா அங்கேயே கேட்டுடு, தலையாட்டிட்டு வராதே. அழைப்புல "டிசிப்ளினரி ஹியரிங்"னு (ஒழுங்கு நடவடிக்கை விசாரணை) எழுதியிருந்தா மட்டும் விஷயம் வேற, சக ஊழியரையோ யூனியன் பிரதிநிதியையோ கூட்டிட்டுப் போக உனக்குச் சட்ட உரிமை இருக்கு.

"யூ ஆல்ரைட்?" வெறும் வணக்கம்தான். "யா, யூ?"ன்னு சொல்லிட்டு உட்காரு.