புதுப்பிப்பு: அந்த ரத்தக்காட்டேரிப் படம் கிடைத்துவிட்டது

போன மாசம் கேட்டிருந்தேனே, கறுப்பு வெள்ளை, நியூயார்க் ராத்திரி, மதுக்கூடத்தில் ரத்தக்காட்டேரிப் பெண், நடுநடுவே படம் கட்டம் கட்டமாக உடையும் என்று? ‘நாட்ஜா’, 1994, மைக்கேல் அல்மெரெய்டா படம். கண்டுபிடித்துச் சொன்ன பினாங்கு அண்ணனுக்கு நன்றி.

சிடியில் கீறல் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கீறலே இல்லையாம்! அந்தக் காட்சிகளை ஃபிஷர்-பிரைஸ் பொம்மைக் கேமராவில் எடுத்திருக்கிறார்கள். நாம் பாட்டு கேட்ட அதே ஆடியோ கேசட்டில்தான் அதில் படம் பதிவாகும். காசு போட்டது அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச். பிணவறை ஊழியராகவும் தலைகாட்டுகிறார்.

நேற்று பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில், தே ஓ ஐஸ் (பால் போடாத ஐஸ் டீ) டம்ளரில் போனைச் சாய்த்து மச்சானுக்குக் காட்டினேன். வாழைமரத்தில் குடியிருக்கும் மலாய்ப் பெண் பேய் பொந்தியானாக் கதை கேட்டு வளர்ந்தவன். “வாழைமரமே இல்லையே, இவ எங்கதான் குடியிருப்பா?” என்றான்.