ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்லில் டிஎன்ஏ உற்பத்தி விழுகிறது, சாதாரணக் கல்லீரல் செல்லில் விழவில்லை: இது போதுமா?

குடுவை:
ஒரு சேர்மத்தை 48 மணி நேரம் கொடுத்தபின் ஹெப்ஜி2-வில் ஈடியூ (புது டிஎன்ஏவில் சேர்ந்துகொள்ளும், பின் ஒளிரவைத்து அளக்கும் தைமிடின் போலி) ஏற்றம் பாதியாகக் குறைகிறது. எலியிடமிருந்து புதிதாகப் பிரித்த கல்லீரல் செல்லில் மாற்றமே இல்லை. புற்றுச் செல்லை மட்டும் குறிவைக்கிறது என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

எஸ்கட்டம்:
டிஎன்ஏ உற்பத்தி இருந்தால்தானே குறையும்? பிரித்தெடுத்த செல் ஜி0 என்ற ஓய்வு நிலையில் படுத்துக் கிடக்கிறது. டிஎன்ஏ உற்பத்தியை நிறுத்தும் ஹைட்ராக்சியூரியாவை ஊற்றினாலும் அங்கே அதே தட்டைக் கோடுதான். இன்சுலினோடு, செல் பிரிவைத் தூண்டும் ஈஜிஎஃப் மில்லிலிட்டருக்கு 10–20 நானோகிராம் சேருங்கள். 48–72 மணியில் டிஎன்ஏ உற்பத்தி உச்சத்துக்கு வரும். சேர்மத்தை அப்போது கொடுத்து அளந்துவிட்டுப் பேசலாம்.

குடுவை:
தூண்டிவிட்டு அளப்பது என்ன நியாயம்? உடம்பிலும் கல்லீரல் செல் ஓய்வில்தானே இருக்கிறது?

எஸ்கட்டம்:
எப்போதும் இல்லையே. எலியின் கல்லீரலில் மூன்றில் இரு பங்கை வெட்டினால் சுமார் 24 மணியில் உற்பத்தி உச்சம் தொடும். கட்டியை அறுத்தெடுத்த நோயாளிக்கும் மிச்சக் கல்லீரல் வளர்ந்தாக வேண்டும். போகட்டும், ஓய்விலிருக்கும் செல் டிஎன்ஏ உற்பத்தி செய்யாமலே சாகவும் முடியும். ஏடிபி (செல்லின் ஆற்றல் இருப்பு) அளவும், செல் சவ்வு சிதைந்தால் வெளியேறும் எல்டிஹெச் நொதியின் கசிவும் பார்க்காமல் ‘பாதுகாப்பு’ என்ற வார்த்தையே வேண்டாம்.

நுண்குழல்:
இருவருமே ஈடியூவை அப்படியே நம்புகிறீர்கள். 5-ஃப்ளூரோயூராசில் போலத் தைமிடிலேட் சின்தேஸை (டிஎன்ஏவுக்கான தைமிடிலேட்டைச் செல்லுக்குள் தயாரிக்கும் நொதி) அடைக்கும் சரக்கு என்றால், சொந்தத் தயாரிப்பு நின்றுபோன செல் வெளியிலுள்ள தைமிடினை அள்ளும். ஈடியூவும் அதே வாசல் வழியாகத்தான் போகிறது. உற்பத்தி திணறும்போதே ஒளி கூடிவிடலாம். டைபிரிடமோல் மாதிரி, தைமிடினைச் செல்லுக்குள் விடும் நியூக்ளியோசைடு கடத்தியை அடைத்தால் நேரெதிர்: உற்பத்தி நடந்தாலும் ஒளி மங்கும். 10 மைக்ரோமோலார் ஈடியூ, ஒரு மணி நேரம். கூடவே டிஎன்ஏ அளவைக் காட்டும் சாயமான ப்ரோப்பிடியம் அயோடைடு போட்டு ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) பாருங்கள். ஈடியூ மங்கியும், டிஎன்ஏ இரட்டிக்கும் எஸ் கட்டத்தில் செல் தேங்காமல், எண்ணிக்கையும் வழக்கம்போல் ஏறினால், அடைபட்டது வாசல்தான்.

குடுவை:
வாசல் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈஜிஎஃப் போட்ட பிறகும் வித்தியாசம் நின்றால்?

எஸ்கட்டம்:
அப்போதும் அவசரம் வேண்டாம். ஹெப்ஜி2-வில் மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் மிகக் குறைவு. புதுச் செல்லில் ஏராளம். அங்கே சேர்மம் சிதைந்து தீர்ந்திருக்கலாம். 4 மணி, 24 மணி ஊடகத்தை எடுத்து மிச்ச அளவைப் பாருங்கள்.

குடுவை:
சிதைத்துத் தப்பித்தாலும் தப்பித்ததுதானே?

நுண்குழல்:
சிதைவில் வருவது விஷமில்லை என்றால்தான். பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின் பி1-ஐ டிஎன்ஏவில் ஒட்டும் எபாக்சைடாக மாற்றுவதே அந்த பி450தான்.