கோழி எருவில் விளைந்த கொத்தமல்லியைப் பச்சையாகச் சாப்பிடலாமா?

மாடித்தோட்டக்காரி:
கொதிக்கிற ரசத்தில் போட்டால் கிருமி செத்துவிடும், சரி. இறக்கிய பிறகு மேலே தூவும் கொத்தமல்லி? கேரட், வெள்ளரி? பண்ணைக் கோழிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள், மருந்துக்கு மசியாத கிருமி எருவோடு வயலுக்கு வருகிறது, அந்த எருவை மக்க வைக்காமல் அப்படியே லோடு லோடாகக் கொட்டுகிறார்கள். இலையில் ஒட்டியதைத் தண்ணீரில் அலசினால் குறையும், முழுக்கப் போகாது.

ஈரோட்டு விவசாயி:
எது நடந்தாலும் எங்கள் தலையில்தான் விடியும். சளி பிடித்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கி இரண்டு நாளில் நிறுத்துவது யார், நாங்களா? 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற குடல் கிருமி பரவி 50 பேருக்கு மேல் செத்தபோது ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்றார்கள், அங்கே விவசாயிகள் விளைந்ததை விற்க முடியாமல் கொட்டினார்கள். கடைசியில் பார்த்தால் முளைகட்டிய வெந்தயம்!

மாடித்தோட்டக்காரி:
அண்ணா, அந்தக் கதையில் பாதியை விட்டுவிட்டீர்களே. அந்த ஈ.கோலை பென்சிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு அடங்காத ரகம். பச்சையாகத் தின்ற ஒன்றின் வழியாகத்தானே வந்தது?

லேப் தம்பி:
அக்கா, அங்கே உயிரைக் குடித்தது அது சுரந்த நச்சு, மருந்துக்கு அடங்காத குணம் இல்லை. அதைக் கலக்க வேண்டாம். கவலைப்பட வேண்டியது கோலிஸ்டின் பற்றி. வேறு எதுவும் கேட்காதபோது ஐசியூவில் கடைசியாக எடுக்கும் மருந்து, அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம், 2019 ஜூலையில்தான் இங்கே தடை வந்தது. அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று சீனாவில் 2015லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் நோயே தராத சாதுக் கிருமிகூட அதைச் சுமந்து வந்து நம் குடலில் இருக்கும் கிருமிக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். மக்காத எருவைப் போட்டால் அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணில் படும் காய்க்கு அறுவடைவரை 120 நாள் இடைவெளி வேண்டும்.

ஈரோட்டு விவசாயி:
120 நாளா? கொத்தமல்லி 40 நாளில் சந்தைக்குப் போய்விடும் தம்பி! கீரை அதற்கும் முன்னால்.

லேப் தம்பி:
அப்படியானால் கொத்தமல்லிக்கு முன்னால் விதைக்கும் மக்காச்சோளத்துக்குப் போடுங்கள். இல்லையென்றால் குவித்து, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறவிட்டு, புரட்டிப் புரட்டி மக்க வையுங்கள். அப்புறம் பயிர்நோய்க்கு ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தெளிப்பதையும் விடுங்கள், அதில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கொடுத்த மருந்து. 2024 தொடக்கத்திலிருந்து பயிருக்குத் தடை.

ஈரோட்டு விவசாயி:
தடை போட்டது எனக்கு எப்படித் தெரியும்? இலைக்கருகல் என்று போய் நின்றால் உரக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் எங்களுக்கு மருந்து. எருவும் அப்படித்தான், கோழிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பண்ணையில் கேட்டால் சிரிப்பார்கள். லோடோடு அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், நான் மக்க வைக்கிறேன்.