ஒரு பாட்டையும் தாண்டாமல் கேட்கும் ஆல்பம் எது? மதிப்பெண்ணோடு சொல்லுங்கள்

கும்பகோணத்தான்:
விதி ஒன்றுதான். முதல் பாட்டில் ஆரம்பித்துக் கடைசிப் பாட்டு வரை எதையும் தள்ளிவிடாமல் கேட்கிற ஆல்பம் எது, அதற்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள், ஏன்? மதிப்பெண் மொத்த ஆல்பத்துக்குத்தான், தனிப் பாட்டுக்கு இல்லை.

நானே தொடங்குகிறேன். 1997-இல் வந்த 'இருவர்', ரஹ்மான் இசை. என் மதிப்பெண் 9.5. சினிமாவிலிருந்து அரசியலுக்குப் போன இரண்டு நண்பர்களின் கதை அது. கதையில் வருடங்கள் ஓட ஓட, பாட்டுகளும் காலம் மாறிக்கொண்டே வரும். 'நறுமுகையே'வில் பழைய ராஜா ராணிப் படத்தின் வாசனை. குறுந்தொகையின் 'யாயும் ஞாயும் யாராகியரோ'வை வைரமுத்து எடுத்து வைக்க, உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடுகிறார்கள். 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி'க்கு வந்தால் ஜாஸ். மனோ பாடிய 'ஆயிரத்தில் நான் ஒருவன்' அசல் கொள்கைப் பாட்டு. ஒரே ஆள் இத்தனை காலங்களுக்கும் இசையமைத்தது மாதிரியே தெரியாது. ஆனால் வரிசையாகக் கேட்டால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று புரியும்.

நாடா60:
தம்பி, உங்கள் விதியிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. நாம் எந்தக் காலத்தில் ஆல்பம் கேட்டோம்? நாம் கேட்டதெல்லாம் பாட்டு. வானொலியில் ஒரு படத்திலிருந்து ஒன்று, அடுத்த படத்திலிருந்து இன்னொன்று. கேசட் வாங்கினால்கூட ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறு படம்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. 60 நிமிட நாடாவையும், கோடு போட்ட தாளில் எழுதிய பதின்மூன்று பாட்டின் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் நான்கு நாள் கழித்துப் பதிந்து கொடுப்பார்கள். ஒரு முறை 'தளபதி' படத்தின் 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி'யை ஏ பக்கத்தில் கடைசியாக எழுதிவிட்டேன். ஏழு நிமிடப் பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நாடா தீர்ந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் அந்த இடத்தில் என் காது நின்று, 'டக்' சத்தத்தை எதிர்பார்க்கிறது. அந்தப் பதின்மூன்று பாட்டுதான் என் ஆல்பம்.

அந்தத் 'தளபதி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் உலகத்தில் எல்லோருக்கும் பிடித்த பாட்டு எது என்று பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில், அந்தப் படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' நான்காவதாக வந்தது. ஜனங்கள் வாக்களித்தது பாட்டுக்குத்தான்.

வயலின்பிரியை:
நீங்கள் இரண்டு பேருமே சினிமாவை விட்டு வெளியே வரவில்லையே. இயக்குநர் சூழல் சொல்லி, கதாநாயகிக்கு ஒன்று, ஊர்வலத்துக்கு ஒன்று என்று கேட்டு வாங்கியவை அவை. தொகுப்பு நன்றாக அமைந்தால் சந்தோஷம். ஆனால் ஆல்பமாகவே பிறந்தது வேறு.

என் தேர்வு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. பத்துக்குப் பத்து. தியாகராஜருக்கும், ஜெர்மானிய இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். வயலின் வி.எஸ். நரசிம்மன். அதில் ஒரு உருப்படியின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு) முதல் பகுதி அப்படியே ஓடும். ராஜா அதில் கை வைக்கவில்லை. அதைச் சுற்றித் தன்னுடைய தந்திக் கருவிகளைப் புதிதாக எழுதியிருக்கிறார். விருந்தாளி பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் குறுக்கே பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வது போல இருக்கும். அடுத்த உருப்படியின் பெயர் '...அண்ட் வீ ஹேட் எ டாக்'. என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன், பேசிக்கொண்டிருந்தோம் என்று ஒரே வாக்கியத்தை இரண்டு தலைப்பாக வெட்டியிருக்கிறார்.

நாடா60 சார், உங்கள் பட்டியல் முறையில் இதைக் கலைத்துப் போட்டால், சந்திப்பதற்கு முன்னாலேயே பேச்சு முடிந்துவிடும். வரிசை மாறினால் பொருளே மாறுகிறது என்றால் அதைத்தான் ஆல்பம் என்கிறேன்.

நாடா60:
அம்மா, தலைப்பு படித்தால்தானே அந்த வரிசை தெரிகிறது? தலைப்பே தெரியாமல் கேட்கிறவருக்கு? அதுவும் நல்ல இசைதான், மறுக்கவில்லை. ஆனால் முணுமுணுக்க ஒரு வரி இல்லாத ஆல்பத்துக்குப் பத்து கொடுக்க எனக்கு மனம் வராது. என் மதிப்பெண் 7. பல வருடங்களுக்கு முன்னால் பாதி கேட்டது.

இரவு_ஹெட்போன்:
பாதி கேட்டு 7 கொடுப்பது நியாயம் இல்லை அண்ணா. அதற்குத்தானே விதியே வைத்தார்கள்.

எனக்கு '96', 2018, கோவிந்த் வசந்தா. 8.5. இந்தக் காலத்தில் முழு ஆல்பம் கேட்பதே கஷ்டமாகிவிட்டது. படம் வருவதற்கு முன்பே ஒரு பாட்டு, சில வாரம் கழித்து இன்னொன்று என்று விடுகிறார்கள். மொத்தமும் கைக்கு வரும்போது பாதிப் பாட்டு அலுத்திருக்கும். '96' எனக்கு அப்படி ஆகவில்லை. ஒரே இரவில் கேட்டேன், அப்புறம் இரண்டு நாள் வேறு எதுவும் ஓடவில்லை.

கும்பகோணத்தான்:
நாடா60 அண்ணா, உங்கள் 'தளபதி'யை வைத்தே கேட்கிறேன். 'புத்தம் புதுப் பூ பூத்ததோ' படத்தில் இல்லை. ஜேசுதாசும் ஜானகியும் பாடிய அந்தப் பாட்டு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? கேசட்டில் இருந்ததால்தானே? படமே கைவிட்ட பாட்டை ஆல்பம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க, ஆல்பம் என்பது வெறும் பெட்டி என்று எப்படிச் சொல்வீர்கள்?

வயலின்பிரியை சொல்வதிலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இயக்குநர் கேட்டதால் இசை குறைந்துவிடுமா? 'ராக்கம்மா'வில் அத்தனை ஆட்டத்துக்கு நடுவில் அடி அடங்கி, பெண் குரல்கள் 'குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண் சிரிப்பும்' என்று அப்பர் தேவாரத்தை எடுக்கும் இடம் இருக்கிறதே, சூழல் என்ற ஒன்று இல்லாவிட்டால் அது பிறந்திருக்குமா? குத்துப் பாட்டுக்குள் தேவாரம் வர ஒரு கதை தேவைப்பட்டது.

வயலின்பிரியை:
அந்த இடம் எனக்கும் சிலிர்க்கும். நான் குறைவு என்று சொல்லவில்லை, வேறு என்றுதான் சொன்னேன்.

சரி, 'இருவர்' பக்கம் வருவோம். அதில் 'உன்னோடு நான் இருந்த' பாட்டே இல்லை, கவிதை வாசிப்பு. 'உடல் மண்ணுக்கு'ம் ஏறக்குறைய அப்படித்தான். அவற்றைத் தாண்டாமல்தான் கேட்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

கும்பகோணத்தான்:
உண்மையைச் சொல்கிறேன். கல்லூரி நாட்களில் தாண்டியிருக்கிறேன். 'நறுமுகையே' முடிந்தால் நேரே 'வெண்ணிலா வெண்ணிலா'.

அப்புறம் ஒரு முறை இரவுப் பேருந்தில், கைப்பேசி பையில், கை எட்டவில்லை. வாசிப்பு தானாக ஓடியது. அந்தக் கதையில் ஒருவன் நடிகன், இன்னொருவன் எழுத்தாளன். நடிகனுக்குப் பாட்டு கிடைக்கிறது, எழுத்தாளனுக்குச் சொல்தான் கிடைக்கிறது. அரவிந்த்சாமி குரலில் அந்தச் சொற்கள் மெட்டில்லாமல் வரும்போதுதான், மற்ற பாட்டுகள் எல்லாம் யாருடையவை என்று எனக்கு விளங்கியது. அதை எடுத்துவிட்டால் ஒருவனுடைய ஆல்பம் ஆகிவிடும், 'இருவர்' ஆகாது. அரை மதிப்பெண் குறைத்ததும் இதற்காக இல்லை, 'கண்ணைக் கட்டிக் கொள்ளாதே' எனக்குக் கொஞ்சம் நீளமாகத் தெரிவதால்.

இரவு_ஹெட்போன்:
ஹரிஹரன் பாட்டில் குறையா! அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும்.

நாடா60:
'புத்தம் புதுப் பூ' விஷயத்தில் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். கேசட் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு எனக்கு இல்லை.

நேற்று இரவு 'ஹவ் டு நேம் இட்' முழுதும் கேட்டேன். தலைப்புகளைப் பார்க்காமல் கேட்க வேண்டும் என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பாக் வந்த இடம் தெரிந்தது. அது முடிந்து அடுத்தது தொடங்கும்போது, முந்தின பேச்சின் தொடர்ச்சி என்றும் தெரிந்தது. தலைப்பு தேவைப்படவில்லை. அங்கே நான் சொன்னது தவறு.

8 கொடுக்கிறேன். பத்து கொடுக்க மாட்டேன், காலையில் பல் தேய்க்கும்போது வாயில் வந்தது 'சுந்தரி'தான். பாட்டுக்காரன் நான், அப்படித்தான் இருப்பேன்.

வயலின்பிரியை:
8 போதும் சார். அடுத்து 'நத்திங் பட் விண்ட்' கேளுங்கள், 1988. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், ஐந்தே உருப்படிகள். நான் இந்த வாரம் 'இருவர்' கேட்கிறேன், வாசிப்புகளைத் தாண்டாமல்.

நாடா60:
ஐந்தும் ஒரு 60 நிமிட நாடாவில் அடங்குமா?