திருடுபோன மோட்டார்ஹோம்: காப்பீட்டுத் தொகை குறைவு, ஆலோசனை தேவை

இங்கிலாந்தில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள பயண வண்டி) வைத்திருப்பவர்கள் உதவுங்கள். 2016 ஃபியட் டுகாட்டோ, நாலு படுக்கை. லெஸ்டரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மார்ச்சில் திருடுபோனது. இரண்டு சாவியும் என்னிடமே இருக்கின்றன. போலீஸ் க்ரைம் ரெஃபரன்ஸ் நம்பர் கொடுத்துவிட்டு விசாரணையை மூடிவிட்டார்கள். வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கும் தெரிவித்தாயிற்று.

காப்பீட்டு நிறுவனம் க்ளைமை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்கள் சொல்லும் சந்தை மதிப்புக்கு இதே மாதிரி வண்டி எங்குமே கிடைக்காது. சோலார் பேனல், லித்தியம் பேட்டரி எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் ஆசையாக வளைய வந்த வண்டி, மனசு ஆறவில்லை.

இதே மாதிரி வண்டிகளின் விற்பனை விளம்பரங்கள், ரசீதுகள், சர்வீஸ் பதிவுகள் எல்லாம் இணைத்து நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். பதில் சொல்ல அவர்களுக்கு உள்ள 8 வாரக் கெடுவும் முடிந்துவிட்டது. அடுத்து, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன்தான்.

அங்கே போகும்முன் தனி மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்க வேண்டுமா, விளம்பரங்களே போதுமா?